பதிமூணு நுழையாது, பதினாலு நிற்காது

கோயம்புத்தூரில் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பாத முதலாளி இல்லை. பவுண்டரிக்காரர் புலம்புகிறார். பம்ப்செட் கம்பெனிக்காரர் புலம்புகிறார். பப்ஸ் போடுகிறவர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார் என்று முக்கு பேக்கரிக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே ஒரு பாட்டம் அழுது தீர்க்கிறார். இவர்களுக்கெல்லாம் கையும் காலும் உள்ள ஓர் ஆள் வந்தால் போதும், பழக்கிக்கொள்வார்கள். எனக்கு வேண்டியது, தன் அப்பாவைவிட வயதில் மூத்த கார்பரேட்டரைக் கழற்றி, கழுவி, மறுபடி மாட்டிய பிறகு தட்டில் ஒரு திருகுகூட மிச்சம் இல்லாமல் பார்த்துக்கொள்கிற ஆள்.

பட்டறை கணபதியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது. பழைய வண்டி மட்டும்தான் பார்ப்பது என்று நாங்கள் கொள்கை முடிவெல்லாம் எடுக்கவில்லை. அப்பா பட்டறை போட்டபோது அவை புது வண்டிகள். நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். ஊர் முன்னால் போய்விட்டது. ஒருநாள் யாரோ வந்து எங்களை ‘விண்டேஜ் ஸ்பெஷலிஸ்ட்’ என்றார்கள். சரி என்று போர்டில் எழுதிக்கொண்டோம்.

திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் இரண்டு, மைசூர் ஜாவா ஒன்று, லாம்பிரெட்டா, அம்பாசடர், ஒரு டாக்டருடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இவைதான் இப்போது உள்ளே நிற்பவை. சந்தில் போகிற பழைய இரும்புக்காரர் வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, “எப்பங்க போடறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த ஹெரால்டின் ஒரு ஹெட்லைட் வளையத்தின் விலைக்கு அவருடைய மூன்று சக்கர வண்டியையே வாங்கலாம் என்று சொன்னால் நம்ப மாட்டார்.

பணியாளர் பட்டியல் சிறியது. எழுபதைத் தாண்டிய மேஸ்திரி ஒருவர். முட்டிவலியால் குனிய முடியாது, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வைத்தியம் சொல்வார். ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவன். குனிவான், ஆனால் குனிந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று மேஸ்திரிதான் சொல்ல வேண்டும். மூன்றாவது நான். பி.இ. மெக்கானிக்கல். ஆகவே எனக்கு பில் போடும் வேலை.

மேஸ்திரிக்கு மாற்று ஆள் தேடி வேலைக்கு ஆள் எடுத்த கதையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ‘பழைய வண்டிகள் பழுதுபார்க்க அனுபவமுள்ள மெக்கானிக் தேவை’ என்று விளம்பரம் கொடுத்தேன். வந்த போன்களில் பாதி, தங்களிடம் இருக்கிற பழைய வண்டியை எவ்வளவுக்கு எடுப்பீர்கள் என்று கேட்டவை. மீதியில் பாதி, மருத்துவக் காப்பீடு. மிச்சம் இருந்தவர்களை நேரில் வரச் சொன்னேன்.

முதலில் வந்தவர் நல்ல பையன். பெரிய ஷோரூமில் வேலை பார்த்தவர். ஹெரால்டின் முன்பக்கம் நின்று பானெட்டை எங்கே தூக்குவது என்று தேடினார். அந்த வண்டியில் மட்கார்டு, விளக்கு எல்லாவற்றையும் சேர்த்து முகம் முழுவதுமே முன்னால் கவிழும். மேஸ்திரி சொல்லிக் கவிழ்த்ததும் ஓரடி பின்னால் போனார். பிறகு எஞ்சினைச் சுற்றி வந்து, “ஸ்கேனர் எங்கீங்க மாட்டறது?” என்றார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தபின் வண்டிகளின் சுகக்கேடு பெரும்பாலும் திரையில் எழுத்தாகத் தெரிகிறது. அவர் கற்றது அந்த எழுத்து. இங்கே மேஸ்திரி ஒரு நீளத் திருப்புளியை எடுத்து, முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். “மூணாவது வால்வுல டேப்பட் சத்தம்” என்றார். வந்தவர் இதைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனார். வேலைக்குத் திரும்ப வரவில்லை. வீடியோவுக்கு நல்ல வரவேற்பு என்று கேள்வி.

இன்னொருவருக்கு புல்லட்டைக் கொடுத்து ஒரு ரவுண்டு போய்வரச் சொன்னோம். பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். அதுவும் முதல் கியர் மேலே, மற்றதெல்லாம் கீழே. அவர் கியர் மாற்றுவதாக நினைத்து முக்கில் சடன் பிரேக் அடித்தார், நிறுத்துவதாக நினைத்து கியர் மாற்றினார். பேக்கரிக்காரரின் கண்ணாடி அலமாரிக்குச் சாண் தூரத்தில் வண்டி தானாகவே அணைந்தது. அடுத்து ஜாவா. அதில் கிக்கரையே உள்ளே அழுத்தி முன்னால் திருப்பிவிட்டால் அதுதான் கியர் லீவர். இதைச் சொல்லாமல் ஒருவரை அந்த வண்டியில் உட்கார வைத்தால் அவர் கியரைத் தேடுகிற தேடலில் மனித குணத்தைத் துல்லியமாக எடை போடலாம் என்பது மேஸ்திரியின் சித்தாந்தம். சிலர் கேட்பார்கள். சிலர் தேடிக்கொண்டே இருப்பார்கள். அவர் வண்டியைவிட்டு இறங்கி, “கியரு கழண்டு எங்கியோ உழுந்திருச்சுங்க” என்றார்.

இதையெல்லாம்கூட ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம். பழக்க முடியாமல் நிற்பது ஸ்பேனர். 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர், மரைக்கு மரை அளவு மாறுவதைப் பொறுக்க முடியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே ஒழுங்கு செய்தார். மகா உபகாரம். ஆனால் அவர் வழிவந்த ஸ்பேனரில் போட்டிருக்கும் எண் நட்டின் தலை அகலம் இல்லை, உள்ளே இருக்கும் போல்ட்டின் தடிமன். கால் அங்குலம் என்று எழுதியிருக்கும். வாயை அளந்தால் 13.3 மில்லிமீட்டர் இருக்கும். நம் பையன்கள் மில்லிமீட்டரில் பிறந்து வளர்ந்தவர்கள். பதிமூணு ஸ்பேனரை வைப்பார்கள், நுழையாது. பதினாலை வைப்பார்கள், நிற்காது. நிற்காததை நிற்கவைக்க ஒரு பைப்பைச் செருகி இழுப்பார்கள். ஆறு மூலை நட்டு அன்றோடு வட்ட நட்டு ஆகிவிடும். எங்கள் கடையில் அதற்கென்றே ஒரு டப்பா இருக்கிறது. அறுபது வருடம் தாங்கி நின்ற நட்டுகள், அரை நிமிடத்தில் மோட்சம் அடைந்தவை.

நட்டு போனால் லேத்துக்குப் போக வேண்டும். கோயம்புத்தூரில் லேத்துக்கு என்ன பஞ்சம் என்று வெளியூர்க்காரர் கேட்பார். லேத்துக்குப் பஞ்சமில்லை. பெரிய ஜாப் ஒர்க் கடைகளில் சி.என்.சி. மெஷின் கண்ணாடிக் கதவுக்குள் அழகாக ஓடுகிறது. போய் நின்றால் முதல் கேள்வி, “டிராயிங் இருக்குங்களா?” அடுத்தது, “எத்தனை ஆயிரம் பீஸுங்க?” ஒன்று என்றால், ஏதோ தப்பான வீட்டுக் கதவைத் தட்டியவனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். பழைய செண்டர் லேத் வைத்திருக்கிற பெரியவர்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு. அவர்களுக்கு டிராயிங் வேண்டாம். உடைந்த பீஸைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள், “நாளான்னிக்கு வாங்க” என்பார்கள். ஒருவருக்குக் கண்புரை ஆபரேஷன். மற்றவர் பேரன் காதுகுத்துக்குப் போயிருக்கிறார்.

எங்கள் தொழிலின் விசித்திரம் இது. ஹெரால்டுக்கு வேண்டிய ரப்பர், பேரிங், கேஸ்கெட் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கடல் தாண்டி, சுங்கம் கட்டி, பெட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதை மாட்டுவதற்கு சிங்காநல்லூரிலிருந்து வர வேண்டிய ஆள்தான் வருவதில்லை.

டிங்கர் விஷயத்தைப் பேசவே கூடாது. நசுங்கிய தகரத்தைச் சுத்தியலும் டாலியும் கொண்டு தட்டித் தட்டிப் பழைய வளைவுக்குக் கொண்டுவருகிறவர், பள்ளத்துக்கு மூன்று கிலோ பட்டி அப்பாமல் ஈயம் பார்க்கிறவர், அப்படிப்பட்டவர்கள் ஜில்லாவிலேயே விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். புது வண்டிக்குக் கதவு நசுங்கினால் கதவையே மாற்றிவிடுகிறார்கள். தட்டத் தெரிய வேண்டிய அவசியமில்லை. எங்கள் டிங்கர் போனை எடுத்தாலே அன்று நல்ல நாள். “வரேனுங்க” என்பார். எந்த மாதம் என்று சொல்ல மாட்டார். நாமும் கேட்கக் கூடாது. கேட்டால் போன் எடுப்பதும் நின்றுவிடும்.

நடுவில் பீகாரிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. மேஸ்திரிக்குக் கணபதியைத் தாண்டிய எந்த மொழியும் தெரியாது. முதல் நாள் கவலையோடு கவனித்தேன். “பிஸ்டன்” என்றார் இவர். “பிஸ்டன்” என்றான் அவன். “ரிங், கேப், பீலர் கேஜ்.” “ரிங், கேப், பீலர் கேஜ்.” சாயங்காலத்துக்குள் இருவரும் உயிர் நண்பர்கள். இங்கே வந்தவர்களிலேயே கைராசிக்காரன் அவன்தான். பாய்ண்ட் கேப்பைக் கேஜ் வைக்காமலே சரியாக வைப்பான். தீபாவளி முடிந்து சட் பூஜைக்கென்று ஊருக்குப் போனான். அடுத்து அவனிடமிருந்து வந்தது ஒரு போட்டோ: அவன் ஊரில் அவனுடைய சொந்த ஒர்க்‌ஷாப், மாலை போட்ட போர்டு, முன்னால் ஒரு புல்லட். மேஸ்திரி அதை எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டார். நான் மட்டும் அதில் நிற்கிற ஸ்பேனர் செட்டை உற்றுப் பார்த்தேன். நம்முடையது இல்லை. நிம்மதி.

டீ குடிக்கையில் எல்லோரும் பேசுவது ஒன்றுதான்: இந்தக் காலத்துப் பையன்களுக்கு உடம்பு வளையவில்லை, செல்போனைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இந்தப் பஞ்சத்துக்குக் காரணம் மெக்கானிக்குகளேதான். எனக்குத் தெரிந்த ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் வாழ்நாள் லட்சியம் ஒன்று உண்டு: தன் பிள்ளை மெக்கானிக் ஆகக் கூடாது. கிரீஸ் படிந்த கையால் பீஸ் கட்டிக் கட்டி அத்தனை பேரும் அதில் ஜெயித்துவிட்டார்கள். மேஸ்திரியின் மூத்தவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மகள் டீச்சர். லட்சியத்தில் தோற்றுப்போன ஒரே ஆள் என் அப்பாதான்.

மேஸ்திரி இந்தத் தொழிலுக்கு வந்தது ஐந்தாம் வகுப்போடு. முதல் வருடச் சம்பளம் இரண்டு வேளை டீ; தப்பு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தால் மண்டையில் ஒரு குட்டு. அவரோடு சேர்ந்த பையன்களில் பாதிப் பேர் தொழில் கற்றார்கள், பாதிப் பேர் ஓடிப்போனார்கள். பதினாலு வயதுக்குக் கீழே பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016-இல் சட்டத்தை இறுக்கினார்கள். நல்ல சட்டம், மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தொழில் கற்றுக்கொடுக்கிற செலவை அதுவரை அந்தப் பையன்களின் பள்ளிக்கூடத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தோம் என்பதை எந்த முதலாளியும் சொல்வதில்லை. படித்து முடித்து பதினெட்டு வயதில் ஒருவன் வந்தால் அவனுக்குக் கற்றுக்கொள்ளும் காலத்துக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். அங்கேதான் நமக்கு நெஞ்சு அடைக்கிறது. வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பவனுக்கு அதைவிட அதிகம் கிடைக்கிறது. கையும் சுத்தமாக இருக்கிறது.

வாடிக்கையாளர்களைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்கிறேன். குரோமியம் பூச என்ன கேட்டாலும் கொடுப்பார்கள். இங்கிலாந்து பாட்ஜுக்குப் பேரம் கிடையாது. பில்லில் ‘கூலி’ என்ற வரிக்கு வந்ததும்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, “கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதுங்களா?” என்பார்கள். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021-இல் அரசாங்கம் தனி விதி கொண்டுவந்தது: வி.ஏ. என்ற எழுத்தோடு தனி நம்பர், இருபதாயிரம் ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் ராலிக்கும் போகலாம், பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும் போகலாம். விதி வருவதற்கு முன்பிருந்தே எங்கள் வாடிக்கையாளர் பலரின் வண்டி பழுதுபார்க்க மட்டுமே வெளியே வந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில்தான், இருக்கிற ஒரே பையனும் கையைவிட்டுப் போகிற ஆபத்து வந்தது. காரணம் சம்பளம் இல்லை, கல்யாணம். எங்கள் பக்கம் இப்போது பொண்ணு கிடைப்பது டிங்கர் கிடைப்பதைவிடக் கஷ்டம். அவன் அம்மா நேரே பட்டறைக்கு வந்து, “மெக்கானிக்குன்னு சொன்னா ஜாதகத்தையே திருப்பிக் குடுத்தர்றாங்க சாமி. எங்கியாச்சும் கம்பெனில சேத்திவுட்டுருங்க” என்றார். நான் பதறிப்போய்த் தரகரைக் கூப்பிட்டேன். அவர் அனுபவசாலி. பயோடேட்டாவை வாங்கி, மெக்கானிக் என்பதை அடித்துவிட்டு, ‘ஆட்டோமொபைல் ரெஸ்டரேஷன் எஞ்சினியர்’ என்று எழுதினார். அடுத்த வாரமே ஒரு இடம் வந்தது. பெண்ணின் அப்பா, அம்மா, பெரியப்பா மூவரும் மாப்பிள்ளை வேலை செய்யும் ‘கம்பெனியை’ப் பார்க்க வருகிறார்கள் என்று தகவல்.

பட்டறையைக் கழுவிவிட்டோம். பழைய இரும்புக்காரர் அன்று மட்டும் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுக்கொண்டேன். பையனுக்கு வெள்ளைச் சட்டை. என் நாற்காலியில் அவனை உட்காரவைத்தேன். பேக்கரியிலிருந்து தேங்காய் பன்னும் பஜ்ஜியும் வந்தன.

பெரியப்பா சொத்து விவரம் கேட்டார். அம்மா பையனின் நகத்தைப் பார்த்தார். பெண்ணின் அப்பா மட்டும் உட்காரவே இல்லை. முகம் கவிழ்ந்து கிடந்த ஹெரால்டுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“என்ன கம்ப்ளைண்டுங்க?”

“சூடானா நிக்குதுங்க. ஆறினா எடுக்குது” என்றேன்.

“பெட்ரோல் பம்ப்பு” என்றார் மேஸ்திரி ஸ்டூலிலிருந்து, பம்ப் மேல் அவர் போட்டிருந்த ஈரத்துணியைக் காட்டி.

“கண்டென்சருங்க” என்றார் வந்தவர்.

இரண்டு பெரியவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டினார். அரசு மோட்டார் வாகனப் பராமரிப்புத் துறையில் கலெக்டர் ஜீப்பும் அதிகாரிகளின் அம்பாசடரும் பார்த்துப் பார்த்து ஓய்வுபெற்றவராம். தரகர் அதைச் சொல்லவில்லை, அவருக்கு அது முக்கியமாகப் படவில்லை. பழைய அம்பாசடர் கண்டென்சர் ஒன்றைக் கேட்டு வாங்கி, டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியிலேயே ஒயர் போட்டுக் கட்டித் தொங்கவிட்டார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். வெள்ளைச் சட்டையோடு பையன் ஓடி வந்தான்.

“வந்த வேலையைப் பாருங்க” என்றார் அவர் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“அதத்தான் பாத்துட்டிருக்கறேன்.”

முக்கால் மணி நேரம் ஓடியும் எஞ்சின் நிற்கவில்லை. பஜ்ஜி ஆறிப்போனது. பெரியப்பா பேசிக்கொண்டிருந்த சொத்து விவரம் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மேஸ்திரி ஈரத்துணியை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சம்பந்தம் கூடிவரவில்லை. பெண் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள், இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாளாம். ஆனால் அடுத்த திங்கட்கிழமை காலையில் அவள் அப்பா தனியாக வந்து நின்றார். கையில் கித்தான் துணியில் சுற்றிய ஸ்பேனர் செட். பிரித்தால் விட்வொர்த் வரிசை முழுக்க இருந்தது. “பொண்ணு விசயம் வேற, இது வேறங்க. சித்த நேரம் வந்துட்டுப் போறேன்” என்றார். மதியம் அவர் மனைவியே போன் செய்து நன்றி சொன்னார்: “ஊட்ல இருந்தா மிக்சியக் கழட்டறாருங்க.”

பத்து மணிக்கு வருவார், சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவார், தூங்கிவிட்டு வருவார். அவரும் மேஸ்திரியும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போவதில்லை; அதனால் பையனுக்கு எல்லா வேலையும் இரண்டு விதமாகத் தெரியவருகிறது. ஆரம்பத்தில் அவர் தலையைக் கண்டாலே வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டவன் இப்போது கேஜைக் கையில் வைத்துக்கொண்டு அவரோடு வாதாடுகிறான்.

ஒரு சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பையனுக்கு என்னங்க தர்றீங்க?” என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“என்ற பொண்ணைக் குடுக்காதது சரிதானுங்க” என்றார்.

அந்த மாதத்திலிருந்து கூட்டிக் கொடுக்கிறேன். டாக்டரின் பில்லில் கூலி என்ற வரியும் அதற்கேற்ப நீண்டது. அவர் கண்ணாடியை மூன்று முறை துடைத்தார்.

அப்புறம் தரகர் வந்தார். கமிஷன் கேட்டார்.

“கல்யாணந்தான் நடக்கலியேங்க?”

“நடக்கலீங்க. ஆனா என்னால உங்களுக்கு ஒரு ஆளு அமைஞ்சுதுங்களா, இல்லீங்களா?”

நியாயமாகத்தான் பட்டது. கொடுத்தேன். அவர் எண்ணிப் பைக்குள் வைக்கையில், கைவசம் இருக்கிற ஜாதகங்களில் பெண்ணின் அப்பா டிங்கராக இருக்கிற இடம் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

“இருக்கும், பாக்கோணுங். பையனுக்கு என்ன நட்சத்திரமுங்க?”

“நட்சத்திரம் கெடக்குதுங்க. அவருக்கு ஈயம் பாக்கத் தெரியுமான்னு கேட்டுச் சொல்லுங்க.”